பீகாரிகளின் மொழி: ஏட்டிலும் வீட்டிலும்

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை, வானங்கள் பூமி ஆகியவற்றின் படைப்போடு சேர்த்து இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகிறது திருமறை (30:22). ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்றும் அது அறிவிக்கிறது (14:4). இவ்விரு வசனங்களையும் நாம் பன்முறை ஓதியிருக்கிறோம். ஆயினும் நம் தோளோடு தோள் சேர்த்து நின்று தொழும் ஒருவரின் தாய்மொழி எது என்று அறிய நாம் எவ்வளவு முயன்றிருக்கிறோம்?

சென்னையிலும் திருப்பூரிலும் கோவையிலும் உள்ள பள்ளிவாசல்களில் ஜும்ஆ நாளன்று வடபுலத் தொழிலாளர்கள் பலரை இன்று காண்கிறோம். அவர்களுள் பீகாரிலிருந்து வந்தோர் கணிசமானோர். பொதுவாக அவர்களை ‘இந்திக்காரர்’ என்று சொல்லிவிடுகிறோம். சற்று விவரம் அறிந்தோர் ‘பீகாரி முஸ்லிம், உருது பேசுபவர்’ என்பர். இவ்விரண்டு கூற்றுகளும் அரைகுறை உண்மைகளே. அந்தத் தொழிலாளி அலைபேசியில் தம் தாயாருடன் பேசும் மொழி பெரும்பாலும் இந்தியும் அன்று, ஏட்டு உருதுவும் அன்று. அது மகஹியாக இருக்கலாம். மைதிலியாகவோ போஜ்புரியாகவோ சூர்ஜாபுரியாகவோ இருக்கலாம். வீட்டில் பேசும் மொழி ஒன்று, ஏட்டில் எழுதும் மொழி வேறொன்று என்ற நிலை பீகாரியர்களின் பண்பாட்டை எவ்வாறு உருவாக்கியது, அதனால் அவர்கள் அடைந்த பேறு எது, இழப்பு எது என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

பெயரில் அடங்கிய வரலாறு

‘பீகார்’ என்ற பெயர் ‘விஹாரம்’ என்ற சொல்லின் திரிபு. பௌத்தத் துறவிகள் தங்கிக் கற்ற மடங்களையே விஹாரம் என்றனர். இன்று பீகார் ஷரீஃப் என வழங்கும் நகரில் உதந்தபுரி என்ற பெருமடம் இருந்தது. புகழ்பெற்ற நாளந்தா அந்நகருக்கு அண்மையிலேயே உள்ளது. நகரின் பெயரே காலப்போக்கில் மாநிலம் முழுமைக்கும் ஆகிவந்தது.

இந்நிலப்பகுதியில் இஸ்லாமிய அரசியல் அதிகாரம் புகுந்த வரலாற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி பக்தியார் கல்ஜியின் படை இங்கு ஒரு கோட்டையைத் தாக்கிய செய்தியை, 13ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் தம் தபகாத்தே நாஸிரி என்ற நூலில் பதிவு செய்துள்ளார். அப்படையில் இருந்த இரு சகோதரர்களுள் ஒருவரிடமிருந்தே அவர் இதனைக் கேட்டறிந்தார். கோட்டைக்குள் இருந்தோர் தலை மழித்தவர்கள், அவர்கள் கொல்லப்பட்டனர். பின்னர் அங்கு ஏராளமான நூல்கள் கிடைத்தன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என விளக்குவதற்கு எவரும் உயிரோடு எஞ்சவில்லை. அது கோட்டையன்று, கல்விக்கூடம் என்பதும், ‘பிஹார்’ என்பதற்கு அதுவே பொருள் என்பதும் பின்னரே தெரிய வந்தன. இதனை எழுதியவர் வென்றவர்களின் தரப்பைச் சேர்ந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நூல்கள் இருந்தும் படித்துச் சொல்ல ஆள் இல்லாத அந்தக் காட்சி, பிற்காலப் பீகாரின் மொழி வரலாற்றிலும் வேறொரு வடிவில் திரும்ப வருவதைக் காண்போம்.

மக்தூமுல் முல்க்

படையெடுப்பால் உண்டானதன்று பீகாரில் வேரூன்றிய இஸ்லாமியப் பண்பாடு. அதனை வேரூன்றச் செய்தோர் கானகாக்களில் வாழ்ந்த ஸூஃபிப் பெரியார்கள். அவர்களுள் தலையாயவர் மக்தூமுல் முல்க் ஷரஃபுத்தீன் அஹ்மத் இப்னு யஹ்யா மனேரி (ரஹ்) அவர்கள். பாட்னாவுக்கு மேற்கே உள்ள மனேர் என்ற ஊரில் ஹிஜ்ரி 661இல் (கி.பி. 1263) அன்னார் பிறந்ததாகக் கூறுவர். அபூ தவ்வாமா என்ற பேரறிஞர் தில்லியிலிருந்து வங்கத்தின் சோனார்காவ்ன் நகருக்குச் செல்லும் வழியில் மனேரில் தங்கினார். அவரது புலமையில் ஈடுபட்ட இளைஞர் ஷரஃபுத்தீன் அவரைப் பின்தொடர்ந்து கிழக்கே சென்று, பல்லாண்டுகள் சோனார்காவ்னிலேயே தங்கிக் கல்வி பயின்றார். சோனார்காவ்ன் இன்றைய டாக்கா நகருக்கு அருகில் உள்ளது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம்; கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் அங்குச் செல்ல நேரும்.

கல்வி முடித்துத் திரும்பிய அன்னார் தில்லி சென்று ஃபிர்தௌஸிய்யா நெறியின் நஜீபுத்தீன் (ரஹ்) அவர்களிடம் பைஅத் பெற்றார். பின்னர் பிஹியாக் காட்டிலும் ராஜ்கீர் மலைகளிலும் நெடுங்காலம் தனித்திருந்தார். பௌத்தர், சமணர், இந்துக்கள் ஆகிய அனைவருக்கும் புனிதமான ராஜ்கீரில், வெந்நீர் ஊற்று ஒன்று இன்றும் ‘மக்தூம் குண்ட்’ என்ற பெயரால் வழங்குகிறது. இறுதியாக அவர் பீகார் ஷரீஃபில் தங்கி, ஹிஜ்ரி 782இல் அங்கேயே மறைந்தார்.

சௌஸா என்னும் ஊரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காஜி ஷம்ஸுத்தீன் பணிச்சுமையால் நேரில் வந்து கற்க இயலாதவராய் இருந்தார். அவர் பொருட்டு ஹிஜ்ரி 747இல் மக்தூம் அவர்கள் எழுதிய நூறு மடல்களே ‘மக்தூபாத்தே ஸதீ’ எனப் போற்றப்படுகின்றன. தவ்பா தொடங்கி ஆன்மிகப் பாதையின் படிநிலைகளை ஒவ்வொன்றாக விளக்கும் அம்மடல்களை, பாட்னாவில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி பால் ஜாக்சன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1980இல் வெளியிட்டார்.

மடல்களின் மொழி பாரசீகம். அதிகாரியும் அறிஞரும் அதனைப் படித்தனர். உழவரும் நெசவாளரும் மக்தூமை நாடி வந்தபோது பேசியது மகத நாட்டுப் பேச்சுமொழி. அக்காலத்தில் அதனை ஹிந்தவி என்று பொதுப்பெயரால் குறித்தனர். மக்தூம் அவர்களின் பெயரால் ஹிந்தவி ஈரடிகள் சிலவும் வழங்கி வருகின்றன. ஆக, ஏட்டு மொழிக்கும் வீட்டு மொழிக்கும் இடையே கானகா பாலமாக நின்றது எனலாம். பெண்களும் இப்பணியில் பின்தங்கவில்லை. ஜஹானாபாத் மாவட்டத்துக் காக்கோ என்ற ஊரில் அடங்கியுள்ள பீபீ கமால் (ரஹ்) மக்தூம் அவர்களின் தாய்வழி உறவினர் என அறியப்படும் ஸூஃபிப் பெண்மணி ஆவார்.

ஒரு தாய் வயிற்று மொழிகள்

பீகாரின் பேச்சுமொழிகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஜார்ஜ் கிரியர்ஸன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. அவரது ‘பீகார் உழவர் வாழ்க்கை’ என்ற நூல் 1885இல் வெளிவந்தது. ஏர், தறி, செக்கு, மண்பாண்டம் என ஒவ்வொரு தொழிலின் கருவிகளுக்கும் ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களை அதில் தொகுத்தார். கங்கைக்கு வடக்கே மைதிலி, தெற்கே மகஹி, மேற்கே போஜ்புரி ஆகிய மூன்றையும் ‘பீகாரி’ என்ற ஒரே தலைப்பில் அடக்கியவரும் அவரே. பீகாரி என்ற பெயரில் தனியொரு மொழி மக்களிடையே வழங்கவில்லை. அது ஆய்வாளர் சூட்டிய குடும்பப் பெயர். பாகல்பூர்ப் பகுதியின் அங்கிகாவும் முஸப்பர்பூர்ப் பகுதியின் பஜ்ஜிகாவும் கிஷன்கஞ்சின் சூர்ஜாபுரியும் இக்குழுவுடன் வைத்து எண்ணப்படுபவை.

இம்மொழிகள் இந்தியின் கிளைகள் என்ற கருத்து பரவலாக உள்ளது. மொழியியலாளர் பலர் அவற்றை வங்கம், ஒடியா, அஸ்ஸாமியம் ஆகியவற்றோடு சேர்த்துக் கிழக்கு இந்தோ ஆரியக் குழுவில் வைக்கின்றனர். இதற்கு எளிய சான்று உண்டு. ‘போனான்’ என்பதற்கு இந்தியில் ‘கயா’ என்பர். மைதிலியிலும் மகஹியிலும் ‘கெல்’, போஜ்புரியில் ‘கைல்’, வங்கத்தில் ‘கெலோ’. ‘போவேன்’ என்பதற்கு இந்தியில் ‘ஜாஊங்கா’. மைதிலியில் ‘ஜாயப்’, போஜ்புரியில் ‘ஜாயிப்’, வங்கத்தில் ‘ஜாபோ’. இறந்தகாலத்துக்கு லகர ஒலியும் எதிர்காலத்துக்குப் பகர ஒலியும் இம்மொழிகளுக்குப் பொதுவானவை; இந்தியிலும் உருதுவிலும் இல்லாதவை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் யார் என்பதை வினைமுற்றே சொல்லிவிடுகிறது.

மைதிலி, மகஹி ஆகியவற்றின் வினைமுற்றில் மற்றொரு நுட்பமும் உண்டு. செய்பவருக்குரிய மரியாதையை மட்டுமன்றி, யாரைக் குறித்துச் செய்யப்பட்டதோ அவருக்குரிய மரியாதையையும் அந்த ஒரே வினைச்சொல் காட்டும். தன்மை ஒருமைக்கும் ‘ஹம்’ என்றே பீகாரியர் சொல்வர். இந்தியில் அது ‘நாம்’ என்று பொருள்படுவதால் நகரத்தார் இதனைக் கேலி செய்வதுண்டு. அது பிழையன்று, வேறு மொழியின் இலக்கணம் என்பதை அறிந்தால் கேலிக்கு இடமிராது.

உருதுவின் இடம்

இவ்வாறு கூறுவதால் பீகாருக்கு உருது அயலானது என்று பொருளாகாது. 1704இல் அஸீமாபாத் எனப் பெயர் பெற்ற பாட்னா, தில்லி, லக்னோ ஆகியவற்றை அடுத்து உருதுக் கவிதையின் சிறந்த நிலையங்களுள் ஒன்றாக விளங்கிற்று. ஷாத் அஸீமாபாதி அந்நகரின் புகழைப் பரப்பியவர். ஆஃப்கானிஸ்தானிலும் மத்திய ஆசியாவிலும் இன்றும் போற்றப்படும் பாரசீகக் கவிஞர் பேதிலும் அங்குப் பிறந்தவரே. பாரசீகக் கல்வி முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. இந்தியக் குடியரசின் முதல் தலைவர் ராஜேந்திர பிரசாத், போஜ்புரி பேசும் ஜீராதேயி கிராமத்தில் ஒரு மௌலவியிடமே தம் கல்வியைத் தொடங்கினார்.

ஏட்டைப் போற்றும் இம்மரபின் சிகரமாக நிற்பது பாட்னாவின் குதாபக்ஷ் நூலகம். முஹம்மத் பக்ஷ் என்பவர் 1876இல் மறையும்போது தாம் சேர்த்த 1,400 கையெழுத்துப் படிகளை மகனிடம் ஒப்படைத்து, பொதுமக்களுக்கான நூலகம் ஒன்றை அமைக்குமாறு பணித்தார். வழக்கறிஞரான மகன் குதாபக்ஷ் தம் வருவாயை அதற்கே செலவிட்டு, ஏறத்தாழ 4,000 படிகளுடன் 1891இல் நூலகத்தைத் திறந்துவைத்தார். 1969இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அது ஆக்கப்பட்டது. இன்று அங்கு 21,000க்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகள் உள்ளன. தைமூர் வம்ச வரலாற்றைக் கூறும் ஓவியப் பிரதி ஒன்று 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

நம் சென்னைக்கும் இம்மரபோடு நேர்த்தொடர்பு உண்டு. 1925இல் சென்னையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு பற்றி எட்டுப் பேருரைகள் நிகழ்த்தி, ‘குத்பாத்தே மத்ராஸ்’ என்ற நூலை நமக்கு வழங்கிய அல்லாமா ஸையித் சுலைமான் நத்வி (ரஹ்) அவர்கள் பீகாரின் தேஸ்னா கிராமத்தில் 1884இல் பிறந்தவர்கள். அவர்கள் உரையாற்றியது உயர்ந்த உருதுவில். அவர்கள் பிறந்த மண்ணின் பேச்சோ மகஹி.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொழி அரசியலாயிற்று. 1880களின் தொடக்கத்தில் பீகார் நீதிமன்றங்களில் பாரசீக எழுத்து அகற்றப்பட்டு, கைத்தி, நாகரி எழுத்துகளுக்கு இடம் தரப்பட்டது. முஸ்லிம்கள் உருதுவைத் தம் அடையாளமாகவும் இந்துக்கள் இந்தியைத் தம் அடையாளமாகவும் உயர்த்திப் பிடித்தனர். இரு தரப்பாரும் வீட்டில் பேசிய மொழி ஒன்றே என்பது இருவருக்கும் மறந்துபோயிற்று. உருது நெடும் போராட்டத்திற்குப் பின் 1981இல் பீகாரின் இரண்டாம் ஆட்சிமொழியாயிற்று. மைதிலி 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. போஜ்புரியும் மகஹியும் அந்த இடத்தைப் பெறவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 5 கோடிக்கு மேற்பட்டோர் போஜ்புரியையும், 1 கோடியே 27 லட்சம் பேர் மகஹியையும் தம் தாய்மொழியாகக் கூறினர். கணக்கில் அவ்விரண்டும் இந்தியின் கீழேயே தொகுக்கப்பட்டன. அதே கணக்கெடுப்பில் பீகார் முஸ்லிம்களின் தொகை 1 கோடியே 75 லட்சம். அம்மாநிலத்தில் உருதுவைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 87 லட்சம் பேர். அதாவது, உருது என்று பதிந்தோர் அனைவரும் முஸ்லிம்களே எனக் கொண்டாலும், பீகார் முஸ்லிம்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறொரு மொழியையே தம் தாய்மொழி என்று கூறியுள்ளனர். ‘பீகாரி முஸ்லிம் என்றால் உருது’ என்ற நம் எண்ணத்தை இவ்வெண்களே திருத்துகின்றன.

வீட்டு மொழியின் வாழ்வு

ஏட்டில் இடம்பெறாத மொழி பாட்டிலும் தொழிலிலும் வாழ்கிறது. தர்பங்கா முஸ்லிம்களின் மைதிலிப் பேச்சை ‘ஜுலாஹா போலி’, அதாவது நெசவாளர் பேச்சு என்று கிரியர்ஸனின் மொழி அளவைநூல் தனியே குறித்தது. முஹர்ரம் பத்து நாட்களையும் பீகாரின் கிராமத்தார் ‘தாஹா’ என்பர். பாரசீகத்தில் பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கர்பலாவின் துயரை மைதிலியில் பாடும் ‘ஜர்னி’ப் பாடல்கள் மிதிலையில் உண்டு. தாஜியா எடுக்கும் வழக்கத்தை உலமாக்கள் பலர் ஏற்பதில்லை என்பதை நாம் அறிவோம். அது தனியே ஆராய வேண்டிய பொருள். இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் தியாகம் ஒரு பீகார் கிராமத்துத் தாயின் சொந்த மொழியில் புகுந்து நிலைபெற்றது என்ற அளவில் இப்பாடல்கள் மொழி வரலாற்றுச் சான்றுகளாகின்றன.

போஜ்புரியின் பெரும் பாடுபொருள் பிரிவு. வாழ்வு தேடிக் கல்கத்தா சென்ற கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதையை ‘பிதேஸியா’ என்ற நாடகமாக்கி ஊர் ஊராக நடித்தவர் பிகாரி டாகுர் (1887-1971). 1834 முதல் மொரீஷியஸுக்கும், பின்னர் கயானா, டிரினிடாட், சுரிநாம், ஃபிஜி ஆகியவற்றுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் இம்மொழியையே மூட்டையில் கட்டிச் சென்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். கரும்புத் தோட்டத்தில் வாழ்ந்த பேத்தி மறவாத போஜ்புரிப் பாடலை, 2016இல் மொரீஷியஸின் பண்பாட்டுச் செல்வமாக யுனெஸ்கோ ஏற்றது.

பாகல்பூரின் தஸர்ப் பட்டை நெய்வோரில் பெரும்பகுதியினர் அன்ஸாரி நெசவாளர்கள். பாட்னாவில் சட் பண்டிகைக்கென இந்துப் பெண்கள் வாங்கும் மண் அடுப்புகளைச் செய்து தருவோருள் முஸ்லிம் பெண்கள் பலர் உளர். வணக்கம் வேறு, வழிபாடு வேறு. ஆனால் அடுப்பு வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்ளும் பேச்சு ஒன்றே.

கிழக்கே சென்றவர்கள்

இப்பேச்சொற்றுமை மறக்கப்பட்டதன் விலை என்ன என்பதை டாக்காவில் காணலாம். 1946 அக்டோபர், நவம்பர் மாதங்களில் பீகாரில் நிகழ்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். அந்த அச்சமும் 1947இன் பிரிவினையும் பல லட்சம் பேரைக் கிழக்குப் பாகிஸ்தானுக்கு அனுப்பின. பீகாரிலிருந்து வந்தோர் மட்டுமன்றி, உருது பேசிய அகதிகள் அனைவருமே அங்குப் ‘பீகாரிகள்’ எனப்பட்டனர். 1952 பிப்ரவரி 21இல் வங்க மொழிக்காக மாணவர்கள் உயிர்துறந்தனர். அந்தப் பிளவில் அகதிகள் உருதுவின் பக்கம் நின்றனர். ஆட்சியாளரும் அவர்களை அவ்வாறே பயன்படுத்திக்கொண்டனர். 1971 போரில் அவர்களுள் ஒரு சாரார் பாகிஸ்தான் படைக்குத் துணைபோயினர். அக்கொடுமைகளில் தொடர்பில்லாத ஏராளமானோரும் பழிவாங்கலுக்கு இரையாயினர். வீடிழந்தோர் முகாம்களில் அடைபட்டனர். பாகிஸ்தான் அவர்களில் ஒரு பகுதியினரையே ஏற்றது. எஞ்சியோர் எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் முகாம்களிலேயே தங்கினர்.

2008 மே மாதம் வங்கதேச உயர்நீதிமன்றம், 1971இல் சிறுவராய் இருந்தோரும் அதன் பின் பிறந்தோரும் அந்நாட்டுக் குடிமக்களே எனத் தீர்ப்பளித்தது. அப்போது முகாம்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3 லட்சம் என மதிப்பிடப்பட்டது. வாக்குரிமை கிடைத்தது, நெருக்கடியான முகாம் வாழ்க்கை மாறிவிடவில்லை. டாக்கா முஹம்மத்பூரின் ஜெனீவா முகாமை ஒட்டிய தெருக்களின் கபாபுக்கு நகரெங்கும் பெயர் உண்டு. அதனைச் சுட்டு விற்பவரின் குடும்பமோ ஓர் அறையில் அடங்கியிருக்கிறது.

மக்தூம் ஷரஃபுத்தீன் (ரஹ்) கல்வி தேடி வந்து சேர்ந்த சோனார்காவ்ன் இம்முகாமிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. அன்று ஒரு மனேரி இளைஞர் அங்கு அந்நியராக எண்ணப்படவில்லை. 1952க்குப் பின் அவரது மண்ணிலிருந்து வந்தோர் ‘மொழி வேறு’ என்று ஒதுக்கப்பட்டனர், தாமும் ஒதுங்கிக்கொண்டனர். ‘கெல்’ என்ற பாட்டியின் பேத்தியும் ‘கெலோ’ என்ற பாட்டியின் பேத்தியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். வீட்டு மொழியை எவரேனும் கருத்திற் கொண்டிருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்று நாம் கூறவில்லை. அதிகாரமும் நிலமும் வேலைவாய்ப்பும் அப்பகைக்குக் காரணங்களாய் இருந்தன. ஆனால் இரு சாரார்க்கும் இடையே இருந்த உறவைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்று இருந்தது. அதனை அழைப்பார் இல்லை.

படிப்பார் இல்லாத ஏடு

கைத்தி எழுத்து மேலே குறிப்பிடப்பட்டது. இந்துக்களும் முஸ்லிம்களும் நிலப்பத்திரத்திற்கும் கணக்கிற்கும் பயன்படுத்திய எழுத்து அது. பள்ளிப்பாடத்திலிருந்து மறைந்த பின் அதனைப் படிக்கத் தெரிந்தோர் அருகினர். 2024இல் பீகாரில் நில அளவைப் பணி தீவிரமடைந்தபோது, தம் முப்பாட்டனார் எழுதிய பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடி மக்கள் அலைந்தனர். அரசு தன் பணியாளர்களுக்கு அவ்வெழுத்தைக் கற்பிக்க நேர்ந்தது. மின்ஹாஜ் கூறிய காட்சியில் வாள் செய்ததை, இங்குப் புறக்கணிப்பு ஓசையின்றிச் செய்தது.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இதில் படிப்பினை உண்டு. நம் முன்னோர் தமிழையே தம் மார்க்க மொழியாகவும் ஆக்கிக்கொண்டனர். அறபுத்தமிழில் ஃபிக்ஹும் தப்ஸீரும் எழுதினர். காப்பியங்களும் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் பாடினர். வீட்டு மொழியும் ஏட்டு மொழியும் நம்மிடம் பெரிதும் ஒன்றாயின. அந்தப் பேறு பீகார் முஸ்லிம்களில் பெரும்பாலோர்க்கு வாய்க்கவில்லை. அவர்களின் ஏட்டுச் செல்வம் நம்முடையதினும் பெரிதாக இருக்கக்கூடும். ஆனால் தாயின் மொழிக்கு அவ்வேட்டில் இடம் கிட்டவில்லை. நம் அறபுத்தமிழ் ஏடுகளைப் படிக்க வல்லார் இன்று எத்தனை பேர் என்று எண்ணும்போது, பெருமை கொள்ளவும் நமக்குத் தகுதியில்லை.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, அவர்களிடையே பெரும் அச்சத்தை உண்டாக்கின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நிலைமையை நேரில் அறிந்து திரும்பியது. ஒருவரை ஒருவர் அறியாத இடத்தில்தான் பொய் எளிதில் குடியேறுகிறது. ஜும்ஆவுக்குப் பின் ஸலாம் கூறி, ஊர் எது, வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்க நமக்கு அதிக நேரம் ஆகாது. ‘இந்தி’ என்றோ ‘உருது’ என்றோ அவர் முதலில் விடை கூறக்கூடும். அவ்வாறு கூறவே அவர் பழக்கப்பட்டிருக்கிறார். ‘தாயாருடன் பேசுவது?’ என்று மீண்டும் கேட்டால், மகஹி என்றோ மைதிலி என்றோ சொல்வார். மொழிகளின் வேற்றுமை இறைவனின் அத்தாட்சி என ஓதும் நாம், அந்த அத்தாட்சியின் பெயரையேனும் கேட்டறிவது கடமையல்லவா?